வளைவின் மேல் ஏறிய பெயர்கள்

1

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 22ஆம் திகதி மதியம் 12.51க்கு கிறைஸ்ட்சேர்ச் நகரம் பேச்சை நிறுத்திக்கொள்ளும். 2011இல் அந்த நிமிடத்தில்தான் பூமி நடுங்கி, நகரின் நடுப்பகுதியைத் தரைக்குக் கொண்டுவந்தது. 185 பேர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு நீளமான சுவரில் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. கையால் தொடக்கூடிய உயரம். ஆட்கள் வந்து ஒரு பெயரின் மேல் விரலை வைத்து நின்றுவிட்டுப் போவார்கள்.

இந்த ஆண்டும் போனேன். பக்கத்தில் சிவநேசண்ணை நின்றார். வலிகாமத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு இந்த நகரத்திலும் ஒரு கிளை உண்டு. அதற்கு அவர் தலைவர். கிளையில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். கூட்டத்துக்கு எல்லோரும் ஒரே வான் வண்டியில் வந்துவிடலாம். ஆனாலும் தலைவர், உபதலைவர், செயலாளர், போசகர் எல்லோரும் உண்டு. உறுப்பினர்தான் இல்லை.

மௌனம் முடிந்து பெயர் வாசிக்கத் தொடங்கியபோது அவருடைய சட்டைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அந்தக் கூட்டத்தில் அப்போது மலர்ந்த முகம் அது ஒன்றுதான்.

“தம்பி, எங்கடை வளைவு முடிஞ்சுது. படம் வந்திருக்கு.”

“எப்பன் பொறுங்கோ அண்ணை. பேர் வாசிக்கினம்.”

“இதிலையும் பேர்தானே கிடக்கு. பாரும்.”

பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் கட்டிய அலங்கார வளைவு. இரண்டு தூண். தூண்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தின் பெயர். அதற்கு மேல் ஒரு தட்டு, நன்கொடையாளர் பெயர்கள். அதற்கு மேல் இன்னொரு தட்டு, இன்னும் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே சீமெந்துத் தாமரையில் வீணையுடன் சரஸ்வதி. தூண்களுக்கிடையே தூரத்தில், சின்னதாக, பள்ளிக்கூடமும் தெரிந்தது. வளைவு அதைவிட உயரம்.

வளைவின் நிழலில் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் நின்றார்கள். நான் பெயர்களைப் பார்க்கவில்லை. பெயர்களின் கீழே எத்தனை தலை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நகரத்தில் பதினைந்து ஆண்டுகளாக எனக்கு இருக்கிற நோய் அது.

2

நோயின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

கிறைஸ்ட்சேர்ச்சின் பிரதான வீதிக்குப் பெயர் கொழும்பு வீதி. யாரோ ஒரு வெள்ளைக்காரர் வரைபடத்தைப் பார்த்து வைத்த பெயர். 1983இல் கொழும்பிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடியவன் நான். பிறகு யாழ்ப்பாணத்தில் பத்திரிகையொன்றில் செய்தி எழுதினேன். பிறகு அங்கிருந்தும் ஓடினேன். உலகத்தைச் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் கொழும்பு வீதி. அதில் ஒரு அச்சகத்தில் வேலை.

நடுக்கம் வந்த அன்று, சாப்பாட்டு நேரம். வெளியே நடைபாதையில் நின்றேன். முதலில் வந்தது சத்தம். அந்தச் சத்தத்துக்கு என் உடம்பிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. நடுவீதிக்கு ஓடி, குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். நகரமே தரையைப் பார்த்தபோது நான் மட்டும் தலையைத் திருப்பி வானத்தில் விமானம் தேடினேன். ஊர்ப் போரின் எறிகணைக்கு, அதாவது செல்லடிக்கு, படுத்தவனை நிலநடுக்கம் கணக்கெடுக்கவில்லை. நான் நின்ற நடைபாதையில் கடையின் முகப்பு விழுந்திருந்தது. தவறான காரணத்துக்காகச் சரியான இடத்தில் படுத்திருந்தேன்.

செய்தி எழுதியவனுக்கு இறந்தவர்கள் எங்கே நின்றார்கள் என்பது முக்கியம். பெரும்பாலானோர் இரண்டு அலுவலகக் கட்டடங்கள் இடிந்ததில் இறந்தார்கள். மற்றவர்களில் பலர் வீதியில் இறந்தார்கள். கொழும்பு வீதியில் ஒரு பஸ்ஸின் மேல் ஒரு முகப்பு முழுதாக விழுந்தது. முகப்பென்றால் என்ன? கூரையைத் தாங்காத, மழையை மறைக்காத, முதலாளியின் பெயரையும் கட்டிய ஆண்டையும் தூக்கிப் பிடிக்க மட்டும் எழுப்பிய செங்கல்.

இது புதிய செய்தியும் அல்ல. இதே நாட்டில் 1931இல் நேப்பியர் நகரம் இடிந்தபோதும் வீதியில் நின்றவர்கள்மேல் விழுந்தது கட்டடங்களின் அலங்காரத் தலைதான். 1995இல் ஜப்பானின் கோபேயில், புயலுக்கு அசையக்கூடாதென்று பாரமான ஓடு போட்ட கூரைகள் நித்திரையில் இருந்தவர்கள்மேல் இறங்கின. 1755இல் லிஸ்பன் நகரம் சகல புனிதர் திருநாளில் பூசை கண்டுகொண்டிருந்தபோது தேவாலயங்களின் கற்கூரை விழுந்தது. மனிதன் உயரத்தில் வைத்த பெருமை முதலில் இறங்கும். இதை விளங்கிக்கொள்ள விஞ்ஞானி தேவையில்லை.

விளங்காமல் போவதற்கும் வழி உண்டு. பெப்ரவரிக்கு முந்திய செப்டெம்பரில் இன்னும் பெரிய நடுக்கம் ஒன்று வந்தது. விடியாத நேரம், வீதியில் ஆளில்லை, யாரும் சாகவில்லை. அதைத் தாங்கிய கட்டடங்களை நகரம் மெச்சியது. பலவற்றில் வெடிப்பு இருந்தது. மெச்சிய கட்டடங்களில் சில பெப்ரவரியில் விழுந்தன. பிறகு காப்புறுதிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வெடிப்பாகக் காட்டி, “இது செப்டெம்பரா, பெப்ரவரியா?” என்று கேட்டார். வெடிப்புக்குப் பிறந்தநாள் தெரியாததால் விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. ஊரில், கூரையில் விழுந்த செல் எந்தப் பக்கத்துச் செல் என்று கேட்ட அலுவலரின் ஞாபகம் வந்தது. உத்தியோகம் பார்ப்பவர்கள் உலகமெங்கும் ஒரே இனம்.

3

வளைவைப் பற்றிச் சிவநேசண்ணையிடம் அடுத்த கூட்டத்தில் கேட்டேன். கூட்டம் அவருடைய வீட்டில். றோல்சும் தேத்தண்ணீரும் வந்தன.

“அண்ணை, முதல் பிளானிலை தூணும் பள்ளிக்கூடப் பேரும் மட்டும்தானே இருந்தது?”

“ஓம். பேந்து ரொறன்ரோக் கிளையும் லண்டன் கிளையும் சேர்ந்திட்டுது. பேர் போட இடம் வேணுமே. ஒரு தட்டு ஏத்தினம். பேந்து சிட்னிக்காரர் தாங்களும் எண்டினம். இன்னொரு தட்டு.”

“சரஸ்வதி?”

“அது சூரிச். தனிய ஒரு ஆள். தாயின்ரை நினைவா.”

இரண்டாம் தட்டு ஏற்றுவதற்கு முன்பே கிறைஸ்ட்சேர்ச்சுக்கும் முதல் தட்டில் ஒரு மூலை கிடைத்திருந்தது. என் பெயரும் அங்கே உண்டு. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

“மேல் தட்டுகளுக்குக் கம்பி வைச்சதோ?”

“இஞ்சை நடுங்குதெண்டு அங்கையும் நடுங்குமோ தம்பி? யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. அசையாது.”

“2004இலை மணற்காட்டிலை கடல் வந்ததே?”

“அது கடல்.”

“கடலைத் தூக்கினது ஆர்?”

“அது சுமாத்திராப் பூமி. வேறை நாடு.” றோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார். “செல்லடிக்கே விழாத பள்ளிக்கூடம் தம்பி அது.”

செல்லடிக்கு விழாதது எதற்கும் விழாது என்பது எங்கள் ஆட்களின் கட்டடக் கலை. விழுந்த வீடுகள் வந்து சாட்சி சொல்வதில்லை. நின்றவை மட்டும்தான் பேசும். அதைவிட, செல்லடித்த காலத்தில் இந்த வளைவே இல்லை. அதைச் சொன்னேன். போசகர், எனக்குச் சீனி இல்லாத தேத்தண்ணீர்தானே என்று கேட்டார்.

திறப்பு விழா சித்திரைப் பள்ளிக்கூட விடுமுறை முடிந்ததும் என்று தீர்மானமாயிற்று. நான் போவதென்று முடிவெடுத்தேன். மகள் ஆரணியும் வருகிறேன் என்றாள். 2011இல் அவளுக்கு ஏழு வயது. அன்று வகுப்பில் மேசைக்குக் கீழே, மேசைக்காலைப் பிடித்தபடி இருந்தவள். இங்கே பள்ளிக்கூடங்களில் அதற்குப் பயிற்சி உண்டு. ஊரில் எங்களுக்குப் பதுங்குகுழிப் பயிற்சி இருந்ததைப்போல.

4

எங்கள் ஊர் சண்டிலிப்பாய்க்குக் கிட்ட. பெயரை எழுதவில்லை, வலிகாமத்தில் எந்த ஊரென்று வைத்தாலும் பொருந்தும்.

விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் வளைவைப் பார்க்கப் போனோம். பள்ளிக்கூடம் விட்ட நேரம். வாசலில் முன்பு நின்ற வேம்பை வளைவு கட்டுவதற்காகத் தறித்துவிட்டார்கள். அதனால் மினிபஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளுக்கு வெயில் மறைக்க இருப்பது வளைவின் நிழல் மட்டும்தான். சின்ன வகுப்புகள் முழுவதும் அதன் கீழே நின்றன.

மேசன் ராசன் தூணுக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்.

“கம்பி எவடம் வரைக்கும் போகுது ராசன்?” என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடப் பேர் வரைக்கும். அதுவரைக்கும் நல்ல கொங்கிறீட்.”

“அதுக்கு மேலை?”

“அதுக்கு மேலை உங்கடை பேருகள். பேருக்கு ஆர் அண்ணை கம்பி வைக்கிறது? கல்லும் சாந்தும்தான். சரஸ்வதியம்மா தன்ரை பாரத்திலை இருக்கிறா.”

“விழாதோ?”

“ஆரும் தள்ளாட்டி விழாது.”

அந்த நேரம் மினிபஸ் வந்து வாசலில் சடாரென்று நின்றது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தாமல் உறுமவிட்டார். சரஸ்வதியின் வீணைத்தண்டு மெல்ல நடுங்கியதை ஆரணி எனக்குக் கையால் காட்டினாள். இரண்டு தட்டுகளுக்கும் இடையிலிருந்து கொஞ்சம் சீமெந்துத் தூள் உதிர்ந்து, கீழே நின்ற ஒரு சிறுமியின் தலையில் விழுந்தது. அவள் மேலே பார்க்கவில்லை. தட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். பழகிப்போன கை.

“பாத்தீரோ?” என்றேன்.

“புதுச் சாந்து அண்ணை. கொஞ்சம் கொட்டும்,” என்றார் ராசன். பிறகு குரலைத் தாழ்த்தி, “பின்பக்கம் வந்து பாருங்கோ. என்ரை பேரும் ஒரு மூலையிலை போட்டிருக்கிறன்,” என்றார்.

போய்ப் பார்த்தேன். நல்ல எழுத்து.

5

மறுநாள் அளவெட்டியிலிருந்து நாதஸ்வரக் கோஷ்டி வந்தது. ரொறன்ரோ, லண்டன், சூரிச் எல்லாம் பட்டுவேட்டியுடன் வந்தன. எங்கள் வழக்கப்படி விருந்தினரைச் சந்தியிலிருந்து மாலைபோட்டு ஊர்வலமாக அழைத்து, வளைவுக்கு அடியால் உள்ளே கொண்டுபோக வேண்டும். வளைவுக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பூத்தட்டுடன் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேளகாரர் அவர்களுக்கு நடுவில் நின்று முழுப் பலத்தோடு அடித்தார்கள்.

வளைவுக்குப் பத்தடி முன்னால் ஆரணி நின்றுவிட்டாள். பின்னால் வந்த லண்டன் அவள்மேல் இடித்து நின்றது.

“நட பிள்ளை,” என்றார் சிவநேசண்ணை.

“நான் அதுக்குக் கீழை வரமாட்டன் மாமா.”

“ஏன், செருப்புக் கழட்ட வேணுமெண்டோ?”

“அது விழும்.”

மேளம் ஓய்ந்த சந்தர்ப்பம் பார்த்துச் சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் கேட்டது. பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதிலோரமாக நடந்தாள். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி உள்ளே போக மதிலில் விட்டிருந்த இடைவெளியால் நுழைந்து, பள்ளிக்கூடப் பயற்றங்காய்ப் பாத்தியைக் கடந்து, எங்களுக்கு முதலே மேடைக்குக் கிட்டப் போய்ச் சேர்ந்தாள். வரவேற்க நின்ற பள்ளிக்கூட அதிபரிடம், அவளுக்குத் தெரிந்த தமிழில், “நீ ஏன் சின்னப் பிள்ளையளை அதுக்குக் கீழை நிப்பாட்டினாய்?” என்று கேட்டாள்.

அதிபர் நாற்பத்தைந்து வயதுப் பெண். அவரை ஊரில் யாரும் ‘நீ’ என்று சொன்னதில்லை. அவர் ஆரணியைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், பூத்தட்டுகளைப் பார்த்தார். சிரித்து, கதிரையைக் காட்டினார்.

சாப்பாட்டுப் பந்தியில் இதுதான் கதை.

“பயற்றங்காய்க்குள்ளாலை வந்த பிரதம விருந்தினர் எங்கை?” என்றது ரொறன்ரோ.

“வெளிநாட்டிலை வளர்த்தால் உப்பிடித்தான். வாசல் தெரியாது,” என்றார் வெளிநாட்டில் நான்கு பிள்ளைகளை வளர்த்த லண்டன்.

“தம்பி, ஒரு வார்த்தை முதலே சொல்லிக் கூட்டிவந்திருக்கலாம்,” என்றார் சிவநேசண்ணை என்னிடம். அவருடைய கோபம் உண்மையானது. அவர் இந்த வளைவுக்காக மூன்று ஆண்டு அலைந்தவர்.

திரும்பும்போது வாகனத்தில் நானும் ஆரணியிடம் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அண்டைக்கு ஸ்கூலிலை மேசைக்குக் கீழை இருந்து என்னை எடுத்துக்கொண்டு போனீங்கள். எல்லாச் சுவரையும் சுத்தி, நடு ரோட்டாலை. அப்ப எனக்கு மரியாதை பழக்கேல்லையே.”

நடு ரோட்டால் போனோம் என்பது சரி.

6

ஊரில் நின்ற மிச்ச நாட்களில் வளைவின் மேல் தட்டுகளை இறக்குவதற்காக அலைந்தேன். என் யோசனை எளிது. இரண்டு தட்டையும் கழற்றி, பெயர்க்கற்களை மதிலில் கைக்கெட்டும் உயரத்தில் பதித்துவிடலாம். பெயர் ஒன்றும் அழியாது. பிள்ளைகளுக்கும் பயமில்லை.

எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் ஆதரித்தார்கள். அதுதான் சிக்கல்.

லண்டன் இறங்கினால் தாங்களும் இறங்குவதாக ரொறன்ரோ சொன்னது. லண்டன், தாங்கள் கீழ்த்தட்டு, மேல்தட்டு இறங்காமல் தாங்கள் எப்படி இறங்குவது என்று கேட்டது. அதில் நியாயம் இருந்தது. மேல்தட்டுச் சிட்னியை அழைத்தேன். சரஸ்வதியை முதலில் எடுக்கவேண்டுமே, அந்தப் பாவத்தை யார் செய்வது என்றது. சூரிச்காரர் நல்ல மனிதர். தாயின் பெயரைச் சொன்னதும் கண் கலங்கினார். “அம்மா வாழ்நாள் முழுக்க ஆருக்குக் கீழையும் இருக்கேல்லை,” என்றார். அந்தத் தாயை எனக்குத் தெரியும். அதுவும் உண்மைதான்.

ஐயரைக் கேட்டேன். அது பூசை செய்கிற சிலை இல்லை, நல்ல நாள் பார்த்துக் கழற்றலாம் என்றார். நல்ல நாள் நான்கு நாட்டு விடுமுறைக்கும் ஒத்துவரவில்லை.

கடைசியாகக் கல்விக் கந்தோர் ஒன்றுக்குப் போனேன். அலுவலர் நிதானமானவர். கோப்புகளைத் தேடிப் பார்த்தார்.

“வளைவு கட்ட அனுமதி எடுக்கேல்லை ஐயா. அதாலை எங்கடை பதிவிலை வளைவே இல்லை. இல்லாத வளைவை இடிக்க நான் எப்பிடி அனுமதி தாறது?”

“அப்ப அனுமதி இல்லாமலே இடிக்கலாமோ?”

“ஐயோ, வேண்டாம். அரச காணியிலை நிக்கிற கட்டடம். அனுமதி இல்லாமல் கை வைச்சால் குற்றம்.”

கிறைஸ்ட்சேர்ச்சில் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒவ்வொரு கட்டடத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு தாள் ஒட்டினார்கள். சிவப்பென்றால் உள்ளே போகக்கூடாது. அந்தத் தாளை அப்போது எவ்வளவோ திட்டியிருக்கிறோம். இந்தக் கந்தோர் வாசலில் நின்றபோது அதன்மேல் முதல்முறையாக மதிப்பு வந்தது. அதற்குக் கட்டடம் இருக்கிறதென்றாவது தெரிந்திருந்தது.

பயண நாளன்று அதிபரிடம் விடைபெறப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். “பிள்ளையளுக்கு மணி அடிக்க வேணும் அண்ணை,” என்று எழுந்தார். மணி அடித்தது. சின்ன வகுப்புகள் நிழலுக்கு ஓடின.

7

ஆனி மாதக் கூட்டத்தில் சிவநேசண்ணை தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்க வைத்தார். அதிபர் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார்.

“மதிப்புக்குரிய சங்கத்தாருக்கு வணக்கம். நீங்கள் கட்டித் தந்த வளைவின்ரை அழகுக்குப் பங்கம் வரக்கூடாது. பிள்ளையள் தூணிலை சாய்ஞ்சு ஊத்தையாக்கினம். அதாலை அந்தக் கேற்றைப் பூட்டி வைச்சிருக்கிறம். முன்னாலையும் கம்பிவேலி அடைச்சாச்சு, ஒருத்தரும் கிட்டப் போகேலாது. பிள்ளையள் கரையாலை, பவுசர் பாதையாலை போய் வருவினம். பஸ்ஸுக்கு நிக்க அங்காலை ஒரு தகரப் பந்தலும் போட்டிட்டம். பெற்றோர் சேர்ந்து போட்டவை. உங்களைப் போலை விருந்தினர் வரேக்கை மட்டும் வளைவைத் திறப்பம்.”

“பாத்தியளே,” என்றார் சிவநேசண்ணை. “இதுதான் மரியாதை. மற்றப் பள்ளிக்கூடங்கள் ஒரு வருசத்திலை பூச்சை உரிச்சுப்போடுவினம்.”

அதிபருக்கு நன்றித் தீர்மானம் கொண்டுவந்தார். நான் வழிமொழிந்தேன். அந்தச் சங்கத்தில் நான் முழுமனதோடு வழிமொழிந்த தீர்மானம் வேறில்லை.

பிறகு அதிபரை அழைத்தேன்.

“டீச்சர், நல்ல வேலை செய்திருக்கிறியள்.”

“வேறை என்ன அண்ணை செய்யிறது? இறக்கச் சொன்னால் சண்டை. பூட்டினால் மரியாதை.” சிரித்தார். “உங்கடை மகளிட்டைச் சொல்லுங்கோ. அவ என்னை ‘நீ’ எண்டதுக்குக் கோவமில்லை. வேறை ஒருத்தரும் என்னட்டை அந்தக் கேள்வியைக் கேக்கேல்லை. அவவுக்குப் பிள்ளையளும் ஒரு நன்றி சொல்லுதுகள், பயற்றங்காய்ப் பாத்தியை மிதிக்கலாமெண்டு.”

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவும் லண்டனும் சிட்னியும் குடும்பமாக ஊருக்குப் போனார்கள். சிவநேசண்ணையும் போனார். படங்கள் வரத் தொடங்கின. அதிபர் தானே திறப்புடன் வந்து பூட்டைத் திறந்துவிடுகிறாராம். அவரவர் தங்கள் பெயருக்கு நேர்கீழே போய் நின்று, கையை உயர்த்திக் காட்டி, படம் எடுக்கும்வரை அசையாமல் நிற்கிறார்கள். படத்தின் ஓரத்தில், வேலிக்கு அப்பால், தகரப் பந்தலின் கீழ் பிள்ளைகள் அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அந்த வளைவின் கீழ் நிற்பவர்கள், அதன் மேலே பெயர் உள்ளவர்கள் மட்டும்தான்.